யுவி மெஷின் தண்ணீரை ஜன்னலோரம் வைக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் வீடு. குடிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான். போன வருஷம் யுவி சுத்திகரிப்பு மெஷின் மாட்டினோம். அது கிருமியின் டிஎன்ஏவை மாற்றிவிடும் என்றார் மெக்கானிக். மாறின கிருமியைக் குடித்தால் நமக்குக் கெடுதல் வராதா? தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெயில் படும் ஜன்னலில் வைக்கிறேன், சரிதானா?

பதில்: மாறின கிருமியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஜாடியை மட்டும் இன்றைக்கே ஜன்னலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டிஎன்ஏ, இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிவிட்ட ஏணி மாதிரி. ஒவ்வொரு படியும் இரண்டு வேதிப்பொருள்களின் ஜோடி: அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின். இவைதான் டிஎன்ஏவின் எழுத்துகள். உங்கள் மெஷினில் இருப்பது பெரும்பாலும் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள யுவி (புற ஊதா) ஒளி தரும் பாதரச விளக்காக இருக்கும். டிஎன்ஏ மிக அதிகமாக உறிஞ்சுவது 260 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை. அந்த ஆற்றல் ஏறியதும், ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். இதிலிருந்து இரண்டு, அதிலிருந்து இரண்டு என நான்கு கார்பன் சேர்ந்து ஒரு வளையம் உண்டாகும். இதுதான் தைமின் டைமர். அந்த இடத்தில் இழை வளைந்து, எதிர் இழையோடு இருந்த பிடி தளரும். 6-4 என்று இன்னொரு வகைப் பிணைப்பும் உண்டு, அது இழையை இன்னும் மோசமாகக் கோணலாக்கும். டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும் நொதி இங்கே வந்ததும் நின்றுவிடும். பெருக முடியாத கிருமியால் வயிற்றுப்போக்கை உண்டாக்க முடியாது. அதன் டிஎன்ஏவையும் சோற்றிலும் மீனிலும் இருக்கும் டிஎன்ஏவைப் போலவே குடல் செரித்துவிடும்.

சரி, ஜன்னலில் வைத்தால் என்ன? பல பாக்டீரியாக்களிடம் ஃபோட்டோலையேஸ் என்ற நொதி இருக்கிறது. அது டைமரில் போய் ஒட்டிக்கொண்டு, நீல ஒளி பட்டதும் வளையத்தைப் பிரித்து, தைமின்களைப் பழையபடி ஆக்கிவிடும். யுவி பட்ட நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் மீண்டெழுவதை 1949-இல் ஆல்பர்ட் கெல்னர் கண்டறிந்தார். விளக்கு போதுமான அளவு கதிர் கொடுத்திருந்தால் மீள்பவை மிகக் குறைவு. அளவு குறைந்திருந்தால் இந்த மீட்சி கணக்கில் வரும். வெளிச்சம் புகாத, மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து அன்றன்றே குடித்துவிடுங்கள். குளோரின் போல யுவி தண்ணீரில் எதையும் விட்டுவைப்பதில்லை, பிடித்த பிறகு விழும் கிருமிக்குத் தடையே கிடையாது.

உண்மையில், ஜாடியைவிட எனக்குக் கவலை தருவது கலங்கல்தான். நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. செம்மண் கரைந்து கிணறு சிவக்கும்போது, மண்துகளின் நிழலில் இருக்கும் கிருமிமேல் கதிர் படாது. செப்டிக் டேங்க் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த நாட்களில் ஆபத்து இன்னும் அதிகம். தெளிய வைத்து, வடிகட்டி, நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், மெஷினை மட்டும் நம்பாதீர்கள். இரும்புச்சத்துள்ள தண்ணீர் என்றால் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் படலம் பிடித்து அதுவும் கதிரை மறைக்கும். அதைத் துடைக்கச் சொல்லுங்கள்.

போன வருஷம் மாட்டியது என்கிறீர்கள். இந்த விளக்குகளின் ஆயுள் பொதுவாக 9,000 மணி நேரத்தை ஒட்டித்தான், தொடர்ந்து எரிந்தால் ஏறக்குறைய ஒரு வருஷம். அதற்குப் பிறகும் நீலமாக எரியும், ஆனால் கிருமியைத் தாக்கும் கதிர் குறைந்துபோயிருக்கும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யாமல் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஒன்று கவனம். அதே பிணைப்பு நம் தோலிலும் கண்ணிலும் நடக்கும், நம்மிடம் ஃபோட்டோலையேஸ் கிடையாது. நம் செல்கள் கெட்ட இடத்தைச் சுற்றி ஏறக்குறைய 30 எழுத்துகளை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டியிருக்கிறது. எனவே மெஷின் மூடியைக் கழற்றும் முன் பிளக்கை உருவிவிடுங்கள்.