வகுப்பறையில் வலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கரும்பலகையும் சாக்பீசுமாக நெடுநாள் பாடம் நடத்தியாயிற்று. இனி வலைக்கருவிகளையும் வகுப்புக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எதில் தொடங்குவது?

பதில்: பட்டியலை மூடி வையுங்கள். உங்கள் வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்று முதலில் பாருங்கள். “புரிந்ததா?” என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், தேர்வில்தான் குட்டு வெளிப்படுகிறது என்றால், இணையத்தில் கேள்வித்தாள் வைத்து விடை வாங்கும் கூகுள் ஃபார்ம்ஸ் போதும். மின்னோட்டம், மூலக்கூறு என்று கண்ணுக்குத் தெரியாததை விளக்குவதுதான் பாடு என்றால், அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்துபார்க்க விடும் ஃபெட் (PhET) தளத்துக்குப் போங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு கருவி. முதலாவது கைக்குப் பழகாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள்.

ஃபார்ம்ஸ் என்றால், வகுப்பு முடிய 10 நிமிடம் இருக்கும்போது 3 கேள்வி வையுங்கள். 10 கேள்வி வேண்டாம். முதல் சில நாட்கள் இணைப்பைத் திறப்பதற்கே பாதி நேரம் போய்விடும். வீட்டிலேயே கைப்பேசியின் இன்காக்னிட்டோ சாளரத்தில், அதாவது உங்கள் கணக்கு ஒட்டாத தனிச் சாளரத்தில், அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கில் எல்லாம் ஒழுங்காகத்தான் திறக்கும். மாணவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதே கேள்வி.

கேள்வி: ஃபார்ம்ஸில் குவிஸ் வைத்தேன். ஒரு சொல் விடைதான். சரியாக எழுதிய பிள்ளைகள் சிலருக்கும் பூஜ்யம் விழுந்திருக்கிறது. ஏன்?

பதில்: தமிழில் குவிஸ் வைக்கும் எல்லாரும் ஒரு முறையாவது இடறும் இடம் இது. நீங்கள் கொடுத்த விடையோடு மாணவர் தட்டியது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்றுதான் கணினி பார்க்கும், பொருளைப் பார்க்காது. ‘ஆக்சிஜன்’ என்று நீங்கள் வைத்திருக்க, ஒருவர் ‘ஆக்ஸிஜன்’ என்பார், இன்னொருவர் ‘உயிர்வளி’ என்பார். இரண்டும் தவறாகிவிடும்.

இதைவிட வம்பு, கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. துணைக்காலுக்குப் பதில் ‘ர’ தட்டுகிற பிள்ளைகள் உண்டு. சில எழுத்துருக்களில் ‘பால்’, ‘பரல்’ இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ‘கொ’ என்ற எழுத்தையும் இரண்டு வகையில் சேமிக்கலாம்: ‘க’வுக்குப் பின் ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறாகிவிடலாம்.

ஆகவே தானாக மதிப்பெண் விழ வேண்டுமென்றால் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே நல்லது. ஒரு சொல் விடைதான் வேண்டுமென்றால், ‘ஆன்சர் கீ’யில் எல்லா வடிவங்களையும் சேருங்கள். ‘மார்க் ஆல் அதர் ஆன்சர்ஸ் இன்கரெக்ட்’ என்ற கட்டத்தில் டிக் போடாதீர்கள். பிறகு ‘ரெஸ்பான்சஸ்’ பகுதியில் ‘கொஸ்டின்’ வாரியாகப் போய் மிச்சத்தை நீங்களே திருத்தலாம். விடை எண் என்றால் அலகைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டு, ‘ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்’ மூலம் எண் மட்டும் ஏற்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ‘5’, ‘5 ஆம்பியர்’, ‘ஐந்து’ என்று மூன்று விதமாக வரும்.

இன்னொன்று: சரியான விடையை உடனே காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். முதலில் முடித்தவர் திரை பக்கத்து பெஞ்சுக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: பழைய வினாத்தாளைக் கணினியிலிருந்து எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் கண்டபடி வருகின்றன.

பதில்: அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். அந்த முறையில் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டிருந்தது. எழுத்துரு மாற்றி ஒன்றில் கொடுத்து, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடாக்கி ஒட்டுங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளை மட்டும் ஒரு முறை சரிபாருங்கள்.

கேள்வி: 40 பேரும் ஒரே நேரத்தில் காணொளி திறந்தால் வைஃபை படுத்துவிடுகிறது. இணைப்பை மாற்ற வழியில்லை.

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 480பி தரக் காணொளிக்கு நொடிக்குச் சுமார் 1 மெகாபிட் வேண்டும். 40 பேருக்கு 40 மெகாபிட். உங்கள் இணைப்பு அவ்வளவு தந்தாலும், அத்தனை கருவிகளைச் சிறிய ரவுட்டர் தாங்காது. கைப்பேசி ஹாட்ஸ்பாட் பற்றிப் பேசவே வேண்டாம். காணொளியைப் பெரிய திரையில் ஒரே இடத்தில் ஓட்டுங்கள்.

ஃபெட் தளத்தின் எச்டிஎம்எல்5 (உலாவியிலேயே ஓடும்) செயல்விளக்கங்களை முன்கூட்டியே தரவிறக்கி, பென் டிரைவில் ஒவ்வொரு கணினிக்கும் மாற்றிவிடலாம். பிறகு இணையமே தேவையில்லை. பழைய ஃபிளாஷ் அசைபடங்களைத் தேடி அலையாதீர்கள். 2020 முடிவோடு அதற்கு ஆதரவு நின்றுவிட்டது.

மாணவர் கையில் கருவியே இல்லையென்றால் பிளிக்கர்ஸ் இருக்கிறது. ஆளுக்கொரு எண்ணிட்ட அட்டை. நாலு பக்கமும் நாலு விடை. தன் விடை மேலே வரும்படி மாணவர் பிடிக்க, உங்கள் கைப்பேசி கேமரா வகுப்பையே படித்துவிடும். கறுப்பு வடிவத்தை விரல் மறைத்தால் படிக்காது. பளபளக்கும் லேமினேஷன் போட்டால் விளக்கொளி பட்டுக் கெடுக்கும்.

கேள்வி: ஃபெட் செயல்விளக்கம் கொடுத்தால் பிள்ளைகள் விளையாடுகிறார்களே தவிர, கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதில்: சுட்டியைத் தொடுவதற்கு முன் தாளில் ஊகத்தை எழுத வையுங்கள். மின்சுற்றையே எடுத்துக்கொள்வோம். 9 வோல்ட் மின்கலம், 10 ஓம் பல்பு ஒன்று: அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். அதே பல்பு இன்னொன்றைத் தொடராக இணைத்தால் ஒவ்வொன்றின் வெளிச்சமும் என்ன ஆகும்? பெரும்பாலார் ‘பாதி’ என்றுதான் எழுதுவார்கள். மின்னோட்டம் பாதியாவது சரி, 0.45 ஆம்பியர். ஆனால் ஒரு பல்பின் திறன் 8.1 வாட்டிலிருந்து ஏறக்குறைய 2 வாட்டாக, கால் பங்காக, இறங்கிவிடும். ஊகம் தப்பிய அந்தக் கணத்தில்தான் திறன் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்று நீங்கள் சொல்வது காதில் ஏறும். அதற்குப் பிறகு 5 நிமிடம் இஷ்டப்படி விளையாடட்டும், குற்றமில்லை.

கேள்வி: எல்லாரும் எழுத ஒரே கூகுள் டாக் கொடுத்தேன். யாரோ முழுவதையும் அழித்துவிட்டார்கள்.

பதில்: பதற வேண்டாம். ‘ஃபைல்’ மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ திறந்து முந்தைய நிலையை மீட்டெடுங்கள். அடுத்த முறை ‘வியூவர்’ அனுமதி மட்டும் கொடுத்து, இணைப்பின் கடைசியில் ஆங்கிலத்தில் ‘எடிட்’ என்று தொடங்கும் பகுதியை நீக்கி, அங்கே ஆங்கிலத்தில் ‘காப்பி’ என்று போட்டு அனுப்புங்கள். திறந்ததும் தனிப்படி எடுக்கச் சொல்லிக் கேட்கும். இதற்கு மாணவருக்குக் கூகுள் கணக்கு வேண்டும்.

கேள்வி: மாணவர் பெயர், மின்னஞ்சல் எல்லாம் வாங்கலாமா?

பதில்: வரிசை எண் போதும். ஃபார்ம்ஸில் மதிப்பெண்ணைப் பிறகு வெளியிடும் வசதியைத் தேர்ந்தால் மின்னஞ்சல் சேகரிப்பும் தானாகச் சேர்ந்துகொள்ளும், கவனியுங்கள்.

கேள்வி: கஹூட் என்ற வினாடிவினா ஆட்டத்தில் எப்போதும் அதே நாலு பேர்தான் ஜெயிக்கிறார்கள்.

பதில்: அங்கே சரியான விடையோடு விரல் வேகத்துக்கும் புள்ளி உண்டு. ஒரு கேள்விக்கு 20 நொடி என்றிருப்பதை 60 ஆக்குங்கள், அல்லது மூவர் கொண்ட குழுவாக ஆட விடுங்கள்.