எஃப்.சி.க்கு (வாகனத் தகுதிச்சான்று) வண்டியைத் தயார் செய்வது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். 2016ஆம் ஆண்டு வாங்கிய டீசல் கார் ஒன்றை டாக்சியாக ஓட்டி வருகிறேன். பெரும்பாலும் கொடைக்கானலுக்குத்தான் சவாரி. வண்டிக்கு எட்டு ஆண்டு கடந்துவிட்டதால் இனி ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி. காட்ட வேண்டும் என்கிறார்கள். சென்ற முறை டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் முடித்துப் புது வண்டி போலக் கொண்டுபோயும், பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் மீண்டும் காட்ட வேண்டும். எதிலிருந்து தொடங்குவது? – வாசகர், திண்டுக்கல்.

பதில்: உங்களிடம் சொன்னது சரிதான். 2018ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வாடகை வண்டிகளுக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதிச்சான்றைப் புதுப்பிக்க வேண்டும். இதைத் தொல்லையாக நினைக்க வேண்டாம். ஆண்டு முழுவதும் மலைப்பாதையில் ஏறி இறங்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முழுப் பரிசோதனை என்பது அதிகமே இல்லை.

சென்ற முறை வேலையின் வரிசைதான் தலைகீழாகிவிட்டது. நம் ஊரில் எஃப்.சி. என்றாலே முதலில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது வழக்கமாகிவிட்டது. கையில் இருக்கும் பணம் அதிலேயே கரைந்துவிடுவதால், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வரும்போது ‘இதுவே ஓடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு, புகை என்ற வரிசையில் வேலையை முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும் பணத்தில் பெயிண்ட் அடியுங்கள். பாடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, கூரான தகடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ அது பாதுகாப்பு சார்ந்த குறை என்பதால் அதை மட்டும் முன்கூட்டியே சரிசெய்துவிட வேண்டும்.

மலைச்சவாரி வண்டி என்பதால் பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; முன்சக்கரத்தை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ‘பேட் நல்லா இருக்கு’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். முன்பக்க டிஸ்க் பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்சக்கரத்தில் டிரம்மைக் கழற்றியதும் உட்புறம் ஈரமாக இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டரில் கசிவு இருந்தால் பிரேக் ஷூவில் ஆயில் ஊறி, அந்தச் சக்கரம் மட்டும் சரியாகப் பிடிக்காது. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுப்பதற்கு இது முக்கியக் காரணம். தானியங்கிச் சோதனை நிலையங்களில் உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பையும் தனித்தனியாக அளப்பதால், இடது வலது வேறுபாடு அங்கே உடனே தெரிந்துவிடும். ஆய்வாளரே ஓட்டிப் பார்க்கும் இடங்களிலும் ஸ்டியரிங்கில் கை வைத்தவருக்கு அது தெரியாமல் போகாது.

பிரேக் ஆயிலையும் மறக்க வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறைந்துகொண்டே வரும். கொடைக்கானலிலிருந்து கீழே இறங்கும்போது தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் ஏறும் சூட்டில் அந்த ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாகிவிடும். பிறகு பெடல் அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை முழுவதுமாக மாற்றிவிட வேண்டும். உங்கள் சவாரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாலும் தவறில்லை. ஹேண்ட் பிரேக்கை ஒரு நல்ல ஏற்றத்தில், கியரை நியூட்ரலில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். கம்பியை இறுக்கிவிட்டால் போதும் என்று மெக்கானிக் சொல்வார். ஷூ தேய்ந்திருந்தால் அந்த இறுக்கம் சில வாரங்கள்கூடத் தாங்காது.

அடுத்தது ஸ்டியரிங். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டின் ஆட்டம் கையில் தெரியும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்டோ பேரிங்கோ தேய்ந்திருப்பது தெரியும். ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலே அந்த உதிரிபாகத்தை மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால், புது டயரும் ஓரம் தேய்ந்து வீணாகும்.

விளக்குகளைப் பொறுத்தவரை, இருட்டிய பிறகு வீட்டில் ஒருவரைப் பின்னால் நிறுத்தி பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் போதும். ஹாலஜன் பல்புக்கென்று செய்யப்பட்ட ஹெட்லைட்டில் வெள்ளை எல்.இ.டி. பல்பு மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அதன் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும், மலை வளைவில் அது உயிருக்கே ஆபத்து. பல குரலில் ஒலிக்கும் ஹாரனுக்கும், பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் குழாய்க்கும் அனுமதி இல்லை. கண்ணாடிகளில் முன்னும் பின்னும் 70 விழுக்காடும் பக்கங்களில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் உரித்துவிடுவது நல்லது.

டீசல் வண்டி என்பதால் புகைச் சோதனையில் கவனம் தேவை. ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்து எஞ்சினை உறுமவிட்டு, வெளிவரும் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் எனப்படும் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் வண்டிக்கு 1.62, அதற்கு முந்தைய வண்டிக்கு 2.45 என்பது உச்ச அளவு. உங்கள் வண்டி எந்த வகை என்பதை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், 2016இல் இரண்டு வகையும் விற்பனையில் இருந்தன. கரும்புகை வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு இன்ஜெக்டர். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். அதற்கு ஒரு வாரத்தில் தீர்வு கிடைக்காது என்பதால் ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள். சோதனைக்குப் போகும் முன் நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் கொண்டுபோங்கள். சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா என்று அறிய, எஞ்சின் ஓடும்போது குழாயின் வாயைத் தடித்த துணியால் ஒரு நொடி அழுத்திப் பிடித்தால், ஓட்டை உள்ள இடத்தில் ‘புஸ்’ என்று காற்று சீறும்.

காகிதங்களில் இன்சூரன்ஸ், புகைச் சான்று, சாலை வரி, பெர்மிட் ஆகிய நான்கும் நடப்பில் இருக்க வேண்டும். நிலுவையில் உள்ள அபராதங்களை முன்பே கட்டிவிடுங்கள். சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பத்து ஆண்டு வண்டியில் அந்த இடம் அழுக்கும் துருவும் ஏறிக் கிடக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் எழுத்தே மழுங்கிவிடும், அது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். பெயிண்ட் அடிப்பவரிடமும் அந்த இடத்தில் பட்டி பூச வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

கேள்வி: எங்கள் டாக்சியின் நான்கு டயரும் வழுக்கையாகிவிட்டன. எஃப்.சி. அன்று மட்டும் வாடகைக்கு நல்ல டயர் மாட்டிக்கொண்டு போகலாம், ஆயிரக்கணக்கில் செலவு மிச்சம் என்று எங்கள் டிரைவர் தம்பி சொல்கிறார். எல்லாரும் செய்வதுதானாமே? – வாசகி, நாகர்கோவில்.

பதில்: பலர் செய்கிறார்கள் என்பது உண்மைதான் அம்மா. ஆனாலும் தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். டயரில் வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்று விதித்திருப்பதற்குக் காரணம் உண்டு. மழை பெய்யும்போது சாலையில் நிற்கும் நீரை அந்தப் பள்ளங்கள்தான் வெளியே தள்ளுகின்றன. அவை இல்லாவிட்டால் டயர் நீரின் மேலேயே வழுக்கிப் போகும், பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன் இல்லை. ஐப்பசி மழையில் உங்கள் டிரைவரும் பயணிகளும் அந்த வழுக்கை டயரில்தான் போகப் போகிறார்கள்.

நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாவிட்டால், எவை அளவுக்குக் கீழே போயின என்று முதலில் பாருங்கள். பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது ஒரே அச்சில் உள்ள இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அதில் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் கடைசி இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். கடையில் புதிது என்று தரும் டயரிலும் அதைப் பார்த்தே வாங்குங்கள். ஸ்டெப்னியும் நல்ல நிலையில் இருக்கட்டும்.

கேள்வி: எஃப்.சி. காலாவதியாகிச் சில நாட்கள்தான் ஆகின்றன. சவாரிக்குப் போகலாமா? – வாசகர், கரூர்.

பதில்: போகக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 56ஆவது பிரிவின்படி, நடப்பிலுள்ள தகுதிச்சான்று இல்லாத வாடகை வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது. முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ்தான். அந்த நாட்களில் விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுத் தொகை கடைசியில் உங்கள் தலையில் வந்து விழக்கூடும். விண்ணப்பத்தை இன்றே ஆன்லைனில் போட்டுவிட்டு, சான்று கைக்கு வரும்வரை வண்டியை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: என்னுடையது சொந்த உபயோகத்துக்கான கார், 12 ஆண்டு ஆகிறது. எனக்கும் ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டா? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: இல்லை. வெள்ளை போர்டு காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதற்குப் பிறகு வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புகைச் சான்றை மட்டும் இப்போதும் உரிய காலத்தில் எடுத்து வர வேண்டும்: பி.எஸ். 4 வகை என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு முந்தையது என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கேஸில் ஓடும் வண்டியாக இருந்தால், சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுத்து அதற்கான சான்றையும் பெற்றுக்கொள்ளுங்கள்.