வாசகர் கேள்வி: தோழி மகள் டாக்டர் ஆகப் போகிறாள், எனக்குத் தூக்கம் வரவில்லை

கேள்வி: பொறாமை பிடித்தவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?
- ஒரு வாசகர், பீடோர்

பதில்: சிலர் இருக்கிறார்கள், உண்மைதான். 169-வது குறளில் வள்ளுவரே, பொறாமைக்காரனின் செழிப்பும் நல்லவனின் கேடும் யோசித்துப் பார்க்க வேண்டியவை என்று சொல்லி நிறுத்திவிட்டார். அதற்கு மேல் சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை.

கேள்வி: நானும் என் தோழியும் ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்கள். கல்யாணத்துக்கு அப்புறமும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் (மர வரிசையில்தான்) பால் மரம் வெட்டினோம். இப்போது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எதிரெதிர் வீடு. போன மாதம் அவள் மகளுக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்து, லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். சிரித்துக்கொண்டே வாங்கினேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை, லட்டு இன்னும் ஃபிரிட்ஜில் அப்படியே இருக்கிறது. என் மகள் சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிறாள். நான் கெட்டவளா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை அக்கா. கெட்ட மனசாக இருந்தால் இதை எழுதியே அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

தோட்டத்துத் துரையின் பிள்ளைகள் சீமைக்குப் படிக்கப் போனபோது உங்களுக்குத் தூக்கம் போனதா? போயிருக்காது. கூடவே கிளம்பியவர் நம்மைத் தாண்டும்போதுதான் வயிறு எரியும். மனிதன் தன்னை அளந்து பார்க்கத் தன்னைப் போன்ற ஆளைத்தான் தேடுவான் என்று 1954-ல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்றாகப் பால் வடிகிற ஒரு நிரையை மண்டோர் (கங்காணி) அடுத்த வீட்டு அத்தைக்குக் கொடுத்துவிட்டார் என்பதற்காக எங்கள் அம்மா இரண்டு வருஷம் அந்த அத்தையோடு பேசவில்லை. நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான், அங்கே கருவாடு பொரித்தால் இங்கே மணக்கும், உடனே அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். அத்தை செத்த அன்றைக்கு அம்மா அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் வலி பொய் இல்லை. 2009-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பொறாமைப்படும் நேரத்தில், உடம்பு வலித்தால் வேலை செய்கிற ஒரு பகுதி வேலை செய்தது. எனக்குப் பயம் தந்தது அடுத்த விஷயம். அந்தப் பகுதி யாருக்கு அதிகம் துடித்ததோ, எதிராளிக்குக் கெட்டது நடந்தபோது அவர்களின் மூளையில்தான் சந்தோஷமும் அதிகம் தெரிந்தது. தோழியின் மகள் ஒரு பாடத்தில் ஃபெயில் என்று கேள்விப்பட்டு உங்கள் மனசு லேசானால் அங்கேயே பிடித்து நிறுத்துங்கள். "டாக்டருக்குப் படிச்சிட்டு எத்தனை பேர் சும்மா இருக்காங்க" என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள், அது தோழியின் காதுக்குப் போகும், உங்கள் மகளின் காதுக்கும் போகும். நாள் முழுக்கக் கல்லாவில் நின்றுவிட்டு வருகிற பெண், தன்னை எதிர்வீட்டோடு வைத்து அம்மா அளப்பதையும் சேர்த்துத் தாங்க வேண்டுமா?

அவளுக்கு என்ன ஆசை என்று கேட்டிருக்கிறீர்களா அக்கா? இவ்வளவு பெரிய கடிதத்தில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.