சூரியகாந்தி கேள்வி பதில்: பொக்கு விதையும் கிழக்கு பார்த்த பூவும்

பர்மாவில் குளிர்கால விதைப்பு நெருங்குகிறது. பெகு, தட்டோன், மோல்மேன், மாந்தலே பக்கமிருந்து வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

பெகு: நெல் அறுத்த வயலில் சூரியகாந்தி போடலாமா ஐயா? ஏக்கருக்கு எவ்வளவு விதை?

போடலாம். மழை விட்டு, நிலத்தில் ஈரம் இருக்கும்போதே, நவம்பரில் விதைத்துவிடுங்கள். வீரிய ஒட்டு விதை என்றால் ஏக்கருக்கு 2 கிலோ போதும். நம் கணக்கில் ஒன்றேகால் வீசை. வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி. ஒன்றரை அங்குல ஆழம். குழிக்கு இரண்டு விதை போட்டு, பத்துப் பன்னிரண்டு நாளில் நல்ல நாற்று ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்க மனம் வராமல் இரண்டையும் விட்டால் இரண்டும் சிறுத்துப்போகும்.

நெல் வயலில் ஆபத்து தேங்கும் தண்ணீர்தான். களிமண்ணில் இரண்டு நாள் நீர் நின்றால் வேர் மூச்சு முட்டிச் செடி வாடும். அதைத் தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் விடுவார்கள், செடி செத்துப்போகும். மண்ணை நீள மேடாக அணைத்துப் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் விதையுங்கள். வடிகால் வாய்க்கால் முதல் நாளே வெட்டியிருக்க வேண்டும்.

தட்டோன்: பூக்கொண்டை தாம்பாளம் அளவுக்கு இருக்கிறது. உடைத்துப் பார்த்தால் பாதி விதை பொக்கு, உள்ளே பருப்பே இல்லை. என்ன காரணம்?

இதற்கு விரிவாகவே சொல்கிறேன். கொண்டை ஒரு பூ அல்ல. சுற்றியிருக்கும் மஞ்சள் இதழ்கள் விதை பிடிக்காத மலட்டுப் பூக்கள். நடுத்தட்டில் ஆயிரம் இரண்டாயிரம் குறும்பூக்கள் உண்டு. அவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நாளுக்குச் சில வளையங்களாக, எட்டுப் பத்து நாள் மலரும். ஒரு குறும்பூவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: முதல் நாள் கரும்பழுப்புக் குழாய் மேலேறி மகரந்தத்தை வெளியே தள்ளும். மறுநாள் அதன் நடுவிலிருந்து, மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி வந்து, இரண்டாகப் பிளந்து, கொம்பு போலச் சுருளும். பெரும்பாலும் வேறு செடியின் மகரந்தம் பட்டால்தான் நன்றாக விதை பிடிக்கும். அதைக் கொண்டுவருவது தேனீ.

ஆகவே பொக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் மட்டும் என்றால், விதை முற்றும் காலத்தில் தண்ணீரோ சத்தோ போதவில்லை. கொஞ்சம் இருப்பது இயல்பும்கூட. தட்டு முழுக்கச் சிதறியிருந்தால் தேனீ வரவில்லை. ஒரு வளையம் மட்டும் பொக்கு, உள்ளும் புறமும் நல்ல விதை என்றால், அந்த வளையம் மலர்ந்த நாட்களில் மழை பெய்திருக்கும், அல்லது மருந்து அடித்திருப்பீர்கள். கொண்டை கோணலாகி, இளம் இலை நொறுங்கினால் போரான் என்ற நுண்சத்துக் குறை.

செய்ய வேண்டியது: ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி. பெட்டி கிடைக்காவிட்டால், உள்ளங்கையில் மெல்லிய துணி சுற்றி, காலை 9 முதல் 11 மணிக்குள் ஒரு கொண்டையைத் தடவி அடுத்ததைத் தடவுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முறை. அழுத்தினால் சூலகமுடி ஒடிந்துவிடும். போரானுக்கு, மஞ்சள் இதழ் விரியத் தொடங்கும்போது லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ். முதலில் வெந்நீரில் கரைத்து, ஆறியபின் மற்ற நீரோடு கலந்து கொண்டை நனையத் தெளியுங்கள்.

பூத்திருக்கும் நாட்களில் காலையில் பூச்சி மருந்து அடிக்காதீர்கள்.

தன்லின்: எங்களுக்கும் பொக்குதான். என்ன உரம் போடலாம்?

மேலே தட்டோன்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பொக்கு எங்கே என்று பார்க்காமல் உரம் போட்டால் பணம்தான் போகும்.

மாந்தலே: சூரியகாந்தி காலையிலிருந்து மாலை வரை சூரியனோடு திரும்பும் என்று எல்லாரும் அறிவார்கள். பூத்தபின் திரும்பாது என்று நீங்கள் முன்பு சொன்னீர்களே, அது எப்படி?

திரும்புவது இளஞ்செடியும் மொட்டும்தான். பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து மறுபடி கிழக்கே கொண்டுவருகிறது. பூத்து முதிர்ந்ததும் அந்த வளர்ச்சி நிற்கிறது, முகம் கிழக்கு பார்த்தபடி நின்றுவிடுகிறது.

மாந்தலே: திரும்பாத பூவுக்குச் சூரியகாந்தி என்று பெயர் எதற்கு? எங்கள் தோட்டத்தில் திரும்புகிறது.

பெயரை வைத்துச் செடியின் வேலையை முடிவு செய்ய முடியாது. பர்மியர் இதை ‘நேஜா’, சூரியத் தாமரை, என்கிறார்கள். அதனால் இது தாமரையாகிவிடாது. நன்றாக விரிந்த ஐந்து கொண்டைகளின் காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். பக்கத்தில் குச்சி நட்டு, காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் திசையைக் குறித்துப் பாருங்கள்.

கிழக்கு பார்ப்பதில் பயன் உண்டு. கலிபோர்னியாவில் செய்து 2016இல் வெளியான ஆய்வில், தொட்டிகளைத் திருப்பிச் சில பூக்களை மேற்கு பார்க்க வைத்தார்கள். கிழக்கு பார்த்த பூ காலையில் சீக்கிரம் சூடேறியது. ஐந்து மடங்கு தேனீ வந்தது. மேற்கு பார்த்த பூவுக்குச் சூடு காட்டியதும் அங்கேயும் தேனீ கூடியது.

மோல்மேன்: அப்படியானால் மேற்கு வாசல் வீட்டின் முன் வைத்தால் முதுகுதான் தெரியுமா?

நல்ல கேள்வி, அம்மா. தெருவில் நிற்பவருக்கு முகம் தெரியுமா? தெரியாது, உங்கள் வீட்டு வாசலில் நிற்பவருக்குத்தான். வாசல் மேற்கு பார்த்திருக்க, செடி வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்தால், பூ கிழக்கே, வீட்டைப் பார்க்கும். தெருவுக்கு அழகு வேண்டுமென்றால் கிழக்கு வாசல் வீட்டு முற்றம்தான் தோது.

மாந்தலே: சங்கப் பாட்டிலேயே சூரியனைப் பார்க்கும் பூ இருக்கிறதே, ஐயா?

இருக்கிறது. புறநானூற்று 155ஆம் பாட்டில் வருவது நெருஞ்சிப்பூ. சூரியகாந்தி வட அமெரிக்கச் செடி. அங்குள்ள பழங்குடிகள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிராக்கியது. 16ஆம் நூற்றாண்டில்தான் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கடல் தாண்டாத செடி சங்கப் புலவர் கண்ணில் பட வழியில்லை. எண்ணெய்ப் பயிராக அதை உயர்த்தியவர்கள் ரஷ்யர்கள். அலெக்சேயெவ்காவில் டேனியல் பொக்காரெவ் 1829இல் எண்ணெய் ஆட்டினார். 20ஆம் நூற்றாண்டில் புஸ்தவோயித் என்ற அறிஞர், எண்ணெய் அதிகமுள்ள விதையை ஆண்டுதோறும் பொறுக்கிப் பொறுக்கி, அளவை 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்தார். எத்தனை பொறுமையான வேலை!

மாந்தலே: நூல் கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

காத்திருக்கிறேன். மொட்டு ஐந்திலும் கட்டுங்கள், வித்தியாசம் தெரியும்.

கலோ: மலையில் சாலையோரம் பூக்கும் மஞ்சள் பூவின் விதையில் எண்ணெய் எடுக்கலாமா?

அது வேறு செடி, மெக்சிகோ சூரியகாந்தி. எண்ணெய்க்கு ஆகாது, தழையை வெட்டி மண்ணில் மடக்கினால் அருமையான தழையுரம்.

ரங்கூன்: பலகாரம் சுட்ட சூரியகாந்தி எண்ணெயை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

ஒருமுறை. சாதாரண வகையில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அதிகம், திரும்பத் திரும்பக் காய்ந்தால் சீக்கிரம் கெடும். மிச்சத்தை வடிகட்டித் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். வெயில் படும் கண்ணாடிப் புட்டியில் வைக்காதீர்கள்.

பெகு: போன மாதம் அறுத்த விதையை நட்டேன், முளைக்கவில்லை.

புது விதைக்கு ஒன்றரை மாதம்வரை உறக்கம் உண்டு. பொறுத்து நடுங்கள்.

மோல்மேன்: எங்கள் கொண்டையிலும் பொக்கு ஐயா...

மூன்றாவது முறையாக வருகிறது. தட்டு முழுக்கவா, நடுவிலா, வளையமாகவா? அதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

மோல்மேன்: வளையமாக. அந்த வாரம் புழுவுக்குக் காலை எட்டு மணிக்கு மருந்து அடித்தோம்.

தேனீ வரும் நேரம் அதுதான். அடுத்த முறை மொட்டிலேயே புழுவைப் பாருங்கள். கையால் பொறுக்கும் அளவென்றால் பொறுக்கிவிடுங்கள். பூத்தபின் அடித்தே தீர வேண்டுமானால் பொழுது சாய்ந்து, தேனீ கூடு திரும்பியபின், இலைக்கு மட்டும் அடியுங்கள். கொண்டை நனையக் கூடாது. பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவருக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.