பேஸ்பால் ஆட ஜப்பான் போக நினைக்கும் மகனுக்கு

வணக்கம் அக்கா. சிங்கப்பூரில் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடிந்ததும் பேஸ்பால் ஆட ஜப்பான் போவேன் என்கிறான் மகன், ஆட்டம் முடிந்த பிறகு பிழைப்புக்கு என்ன செய்வான் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான்.

அவனை அலெக்ஸ் ராமிரெஸைப் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். வெனிசுவேலாக்காரர், பேஸ்பால் ஆட்டக்காரர். 2001-இல் ஜப்பானின் யாகுல்ட் சுவாலோஸ் அணியில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து போய் ஜப்பானின் தொழில்முறை லீக்கில் 2,000 ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் பேஸைச் சேர்வது) அடித்த முதல் ஆட்டக்காரர், 2013-இல். எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது அடுத்த ஆண்டு அவர் செய்தது. அவ்வளவு பேர் வாங்கியவர், குன்மா என்ற மாநிலத்தின் சின்ன லீக் அணிக்குப் போய், ஆடிக்கொண்டே மற்றவர்களுக்கு பேட்டிங் சொல்லிக்கொடுத்தார். 2016-இல் யோகோஹாமா பேஸ்டார்ஸ் அணிக்கே மேலாளர், அதாவது தலைமைப் பயிற்றுவிப்பாளர். மறு ஆண்டே அணி ஜப்பான் சீரிஸில், அதாவது லீக்கின் இறுதிப் போட்டித் தொடரில், ஆடியது. அதனால் உங்கள் மகனும் ஆடும் காலத்திலேயே பயிற்சி கொடுக்கப் பழகட்டும், ஜப்பானிய மொழியை இன்றே தொடங்கட்டும்.

சிங்கப்பூர் திரும்பினால்? எஸ்ஜி-கோச் என்ற பயிற்றுவிப்பாளர் படிப்பும் முதலுதவிச் சான்றிதழும் கையில் இருந்தால் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் சேர வழி உண்டு. ஆனால் நம் பள்ளிகளில் அதிகம் ஆடுவது பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால். அதில் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து கையைச் சுழற்றி வீச வேண்டும். அதனால் பிட்சிங் (பந்து வீச்சு) சொல்லித்தரும் முறையே வேறு. அதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பையனைத் தடுக்காதீர்கள் அக்கா.