ஊட்டியில் மழை கொட்டுகிறது, மசினகுடிக் கிணறு வற்றுகிறது: போர் போடலாமா?

கேள்வி: மசினகுடி அருகே மாவனல்லாவில் எங்களுக்கு 2 ஏக்கர் பட்டா நிலம். ஜூலையில் ஊட்டியில் மழை கொட்டுகிறது, எங்களுக்கு வெறும் காற்றுதான். கிணறு மார்ச்சிலேயே வற்றிவிடுகிறது. ஆழமாக போர் போட்டால் தண்ணீர் வருமா?

பதில்: போருக்கு எடுத்துவைத்த பணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று மலையேறும்போதே தேவாலா, கூடலூர், அவலாஞ்சி பக்கம் மழையை இறக்கிவிடுகிறது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அதே காற்று உங்கள் ஊர் இருக்கும் சீகூர் பக்கம் கீழிறங்கும்போது சூடேறி, மேகம் கலைந்துவிடும். ஆகவே ஏப்ரல், மே கோடை மழையையும் அக்டோபர், நவம்பர் மழையையும்தான் நீங்கள் நம்ப முடியும்.

உங்கள் நிலத்துக்கு அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்பது மேலே உள்ள உக்கல் பாறையிலும் (உளுத்துப்போன பாறை) விரிசல்களிலும் மட்டும்தான். ஆழம் போகப் போக விரிசல் குறையும். போர் விரிசலில் இறங்காவிட்டால் புழுதிதான் வரும். இறங்கினாலும், மேலிருந்து நீர் ஊறினால்தான் அது நிலைக்கும்.

சரி, மேலே என்ன நடக்கிறது? 1 ஏக்கரில் 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர். 50 மி.மீ. பெய்தால் உங்கள் 2 ஏக்கரில் 4 லட்சம் லிட்டர் விழுகிறது. அடுத்த கோடை மழை விட்டதும் மண்வெட்டியோடு போய்ப் பாருங்கள். மாடு மிதித்து இறுகிய தரையில் செம்மண் நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சாண் தோண்டினால் உள்ளே மண் காய்ந்து கிடக்கும்.

அதனால் முதல் வேலை, சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்து வரப்பு போடுவது. வெட்டிய உண்ணிச்செடியை விதை விழுவதற்குள் மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்புங்கள். சாணத்தை விற்காதீர்கள். மசினகுடிச் சாணம் லாரி லாரியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஈரம் பிடிக்கும் சக்தியே மண்ணைவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம் கிணற்றைத் தூர்வாரி, அதற்கு மேட்டுப்புறமாக ஒரு கசிவுக்குட்டை வெட்டுங்கள். குட்டையின் கரை சரிவாக இருக்கட்டும், கிணற்றுக்கு உறுதியான சுற்றுச்சுவர் வேண்டும். யானைக்குட்டி விழுந்தால் ஏற முடியாது.

இரண்டு மழைக்காலம் பார்த்தும் போதவில்லை என்றால் போரைப் பற்றி யோசிக்கலாம். நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சீகூர் யானை வழித்தட அறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்துவிட்டது. உங்கள் சர்வே எண் அதில் வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.