இங்கிலாந்து, அயர்லாந்தில் பெரிய மாளிகைகள் இருக்கும் எஸ்டேட்களின் நுழைவாயிலில் காவலாளி குடும்பத்துக்காகக் கட்டிய சிறு வீடுகள் சிலவற்றுக்கு ஏன் முன்பக்கம் மட்டும் நேராக இல்லாமல் மூன்று பட்டையாக மடங்கி இருக்கிறது?

அழகுக்கு மட்டுமல்ல, கண்காணிப்புக்கும்தான். நடுச் சுவரின் ஜன்னல் கேட்டைப் பார்க்கும். சாய்ந்த இரு பக்க ஜன்னல்களில் ஒன்று வெளிச்சாலையையும் மற்றது மாளிகைக்குப் போகும் பாதையையும் பார்க்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் காவலாளி குடும்பத்தில் யாராவது ஓடிவந்து கேட்டைத் திறக்கவேண்டியிருந்தது.

உள்ளே பெரும்பாலும் இரண்டே அறைகள்; இரண்டு அடுப்புக்கும் நடுவே ஒரே புகைபோக்கி. வசதியைவிடத் தோற்றத்துக்கே செலவு செய்தார்கள். அயர்லாந்தின் லிஸ்மோர் அருகே பாலிசகார்ட்மோர் எஸ்டேட்டில் 1830களில் கோபுர வாயிலும் பாலமும் கட்டியதோடு சரி, திட்டமிட்ட பெரிய மாளிகை எழவே இல்லை!

பழுதுபார்க்கும்போது பலரும் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். அது ஈரத்தை வெளியே விடாது. உறைபனியில் கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். சிமெண்டைக் கையுளியால் எடுத்துவிட்டு, சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து பூசுங்கள். பனிக்காலத்தில் மட்டும் இந்த வேலையைத் தொடவேண்டாம்.